ஸ்ராவணம் கேட்டவருக்கு ஆவணி

நான்கு மொழிகளில் ஓர் இணையதளத்தைச் சோதித்துப் பிழை பிடிக்கும் வேலையில் நான் சேர்ந்தபோது, அந்த நான்கில் எனக்கு ஒன்றரை மொழிதான் தெரியும். தமிழ் ஒன்று, ஆங்கிலம் அரை. தெலுங்குப் பக்கத்தையும் மலையாளப் பக்கத்தையும் எப்படிச் சரிபார்த்தேன் என்கிறீர்களா? வார இதழ்களில் ‘ஆறு வித்தியாசங்கள் கண்டுபிடியுங்கள்’ என்று இரண்டு படம் போடுவார்களே, அப்படித்தான். மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொடுத்த தாளை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கை விரலால் திரையைத் தடவித் தடவிச் சுழி சுழியாக ஒப்பிடுவேன். எல்லாச் சுழியும் ஒத்துப்போனால் பச்சை மையில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஒப்பிட்டுவிட்டு, தெலுங்குப் பக்கம் முழுக்கத் தப்பு என்று புகார் எழுதியவனும் நானே.

இப்படிப்பட்டவன் எப்படி அதே துறையில் இருந்து ஓய்வும் பெற்றான் என்பது எனக்கே விளங்காத விஷயம். போன மாதம், என்னிடம் வேலை பழகிய கார்த்திகா போன் செய்தாள். இப்போது மொழிபெயர்ப்பை எல்லாம் இயந்திரமே செய்துவிடுகிறதாம். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் எந்த மொழிப் பக்கத்தையும் திறந்தே பார்ப்பதில்லையாம். “அந்த ஆடி மாசக் கல்யாணத்தை நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க சார். நீங்களே எழுதிக் குடுங்க” என்றாள். எழுதுகிறேன். சிரிக்க வேண்டிய இடங்களில் தாராளமாகச் சிரிக்கலாம். நான் அப்போது சிரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. அதற்கு முன் ராயப்பேட்டையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கணினி வந்தது, எழுத்துக் கோப்பது போனது, நானும் கணினியின் வாலைப் பிடித்துக்கொண்டு மயிலாப்பூர் வந்து சேர்ந்தேன். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் அலுவலகம். கீழே மாவு மில். நாள் முழுக்கத் தரை அதிரும். மேஜைமேல் வைத்த பேனா தானாக நடந்து விளிம்புக்குப் போய் விழும். ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. இணையத்தில் நுழைந்தால் போன் செத்துவிடும், போனை எடுத்தால் இணையம் செத்துவிடும். அந்த அறையில் யாரும் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சென்னையில் இருக்கும் கல்யாண மண்டபங்களை வெளிநாட்டில் இருந்தபடியே பதிவு செய்ய ஒரு தளம். அதுதான் எங்கள் பிழைப்பு. ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று நான்கு மொழி. அதன் உள்வேலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கதை அதில்தான் இருக்கிறது. தளத்தில் வருகிற சொற்களுக்கெல்லாம் ஒரே ஓர் அட்டவணை. ஒரு வரிசையில் ஒரு சொல், அதற்கு நேராக நான்கு மொழியிலும் அதற்குரிய சொல். மலையாளத்தில் ஒருவர் ‘சிங்கம்’ என்ற மாதத்தைத் தேர்ந்தெடுத்தால், அதே வரிசையில் இருக்கும் ‘ஆவணி’ எங்கள் அலுவலகத்தில் தமிழில் வந்து விழும். அதை அச்செடுத்து மண்டபத்துக்குச் சொல்வோம். பதிவு செய்தவருக்கு அவர் மொழியிலேயே நன்றிக் கடிதம் தானாகப் போகும்.

தேதி எங்கே என்று கேட்பீர்கள். தேதியே கிடையாது. மாதம், பிறை, திதி, இவ்வளவுதான். முகூர்த்தம் பார்க்கிறவன் இங்கிலீஷ் தேதியா கேட்பான் என்பது எங்கள் முதலாளியின் சித்தாந்தம். மண்டபக்காரர் தன் தினசரிக் காலண்டரைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்வார். எங்களுக்கும் ஒரு வேலை மிச்சம்.

எனக்கு மேலதிகாரி வைதேகி மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைப்பது நீள நீள நாம் வாசல் எங்கே என்று பார்ப்போம். புகார் என்று போய் நின்றால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: “பாத்தேளா, கேட்டேளா?” யாரோ சொன்னதை நான் கேட்டு வந்திருக்கிறேனா, பிழையை என் கண்ணால் பார்த்தேனா என்பது அதன் பொருள். “கேட்டேன்” என்றால், “அப்போ பாருங்கோ” என்று குனிந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். புகார் சொன்னவர் எந்த மொழிப் பக்கத்தில் இருந்தாரோ அதே பக்கத்தில், அவர் அழுத்தியதையே அழுத்த வேண்டும். கணினி பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு ஏமாற்றும், அதை முதலில் துடைக்க வேண்டும். அப்புறம் எங்கள் எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் அதையே பார்க்க வேண்டும், எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். அதிலும் தீராவிட்டால்தான் அட்டவணையைத் தொடலாம். ஒரு தடவை மலையாள மொழிபெயர்ப்பாளர் நடுவில் ஒரு வரிசையைக் காலியாக விட்டுவிட, எல்லாச் சொல்லும் ஒரு படி இறங்கிவிட்டது. ‘அனுப்புக’ பொத்தானில் ‘நாதஸ்வரம் உண்டு’ என்று விழுந்தது. கொச்சியிலிருந்து ஒருவர் எத்தனை தடவை அழுத்தியும் நாதஸ்வரம் வரவில்லை என்று எழுதியிருந்தார். அதை மேடத்தின் முறைப்படி போய்ப் பிடித்தேன். அன்று எனக்கு வந்த தலைக்கனம் இறங்க ஒரு கல்யாணம் தேவைப்பட்டது.

ஆடி மாதம். மஸ்கட்டிலிருந்து சேஷய்யா என்பவர் போன் செய்தார். நெல்லூர்க்காரர், சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மூத்த மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு தி. நகர், அங்கேயே பனகல் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தை எங்கள் தெலுங்குப் பக்கத்தில் பதிவு செய்திருந்தார். சமையல்காரர்கள் முந்தின நாள் காலையிலேயே உள்ளே வரலாமா என்று கேட்டார்.

நான் அச்செடுத்த தாளைப் பார்த்தேன். ஆவணி, வளர்பிறை தசமி. ஆடியே இன்னும் பாதி ஆகவில்லை. “ஒரு மாசத்துக்கு மேல கெடக்கே சார், அதுக்குள்ள அடுப்பப் பத்தி என்ன கவலை? பொண்ணு மனசு மாறாம பாத்துக்குங்க” என்று என் வழக்கப்படி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டேன்.

இணைப்பு போய்விட்டதோ என்று நான் இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

“கல்யாணம் அடுத்த வாரங்க” என்றார் சேஷய்யா. “ஸ்ராவண சுத்த தசமி, அதாவது வளர்பிறை. நீங்க அனுப்பின லெட்டர் கையில இருக்கு.”

பிறகு கட கடவென்று சொன்னார். பத்திரிகை கொடுத்து முடிந்தது. நெல்லூரிலிருந்து சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள். மாப்பிள்ளை கல்யாணம் முடிந்த கையோடு அமெரிக்கா திரும்ப வேண்டும், நாளைத் தள்ளவே முடியாது. பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன். தரை அதிர்ந்தது. மாவு மில்லால் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மில் அன்று விடுமுறை.

மேடம் எதிரே போய் நின்றேன். “பாத்தேளா, கேட்டேளா?” கேட்டேன் என்றேன். பாருங்கோ என்றார். பழைய பக்கத்தைத் துடைத்தேன். தெலுங்குப் பக்கத்தைத் திறந்து அவர் தேர்ந்தெடுத்ததையே தேர்ந்தெடுத்து அனுப்பினேன். தெலுங்கில் நன்றிக் கடிதம் வந்தது. எங்கள் பெட்டியில் ‘ஆவணி, வளர்பிறை தசமி’ வந்தது. இன்னொரு கணினியில் பார்த்தேன், அதேதான். அட்டவணையைத் திறந்தேன், வரிசை பிசகவில்லை, சுழி பிசகவில்லை. தளத்தில் எங்கேயும் பழுதே இல்லை. பழுது இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வியர்த்திருக்காது.

மேற்கு மாம்பலத்தில் இருந்த சரளா டீச்சருக்குப் போன் போட்டேன். எங்கள் தெலுங்குச் சொற்களை எல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். வகுப்பறையிலேயே காலம் கழித்த குரல், ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாலும் அறை முழுக்கக் கேட்கும்.

“உங்க மாசம் சூரியன வெச்சு. எங்க மாசம் அமாவாசைக்கு மறுநாள் பொறக்கும். ரெண்டும் எப்படி ஒண்ணா வரும்? இந்த வருஷம் ஸ்ராவணம் முக்காவாசி உங்க ஆடிக்குள்ளதான் கெடக்கு” என்றார். “நான் அன்னிக்கே கேட்டேன், மாசத்துக்கு எந்தக் கணக்குன்னு. கணக்கு எனக்கு ஸ்கூல்லயே வராது டீச்சர், வார்த்தைய மட்டும் குடுங்கன்னு சொல்லிச் சிரிச்சீங்க.”

எனக்கு நினைவிருந்தது. நல்ல ஜோக் என்று அன்றைக்கு வீட்டிலும் வந்து சொல்லியிருந்தேன். மலையாள மாதமும் நம்மைப் போலவே சூரியனைப் பார்த்துப் போவதால் சிங்கமும் ஆவணியும் சேர்ந்தே நடந்தன. தெலுங்கும் அப்படித்தான் நடக்கும் என்று நான் முடிவுகட்டிப் பச்சை மையைத் தடவிவிட்டேன். சேஷய்யா கேட்டது ஸ்ராவணம், மண்டபம் பதிந்தது ஆவணி. இரண்டு பேரும் அவரவர் மொழியில் படித்துத் திருப்தியாக இருந்தார்கள்.

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு போட்டுக்கொண்டு, தெலுங்கில் பதிந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நாளைக் கேட்டுச் சரிபார்ப்பது தன் வேலை, என் வேலை மண்டபம் என்று பிரித்துவிட்டார். “ஆனா மொதல்ல அவருக்குப் போன் பண்ணித் தப்பு நம்மளுதுன்னு சொல்லுங்கோ.”

மண்டபம் உறுதியான பிறகு சொன்னால் நன்றாக இருக்குமே என்று இழுத்தேன்.

“கெடைக்கலேன்னா? அவர் வேற எடம் தேடற நாழியையும் நாமளே தின்னுடறதா?”

சொன்னேன். ஜோக் எதுவும் வாயில் வரவில்லை. சேஷய்யா முழுதும் கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். “தெலுங்குல இருந்ததேன்னு நம்பினேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

தி. நகரில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஆட்டோ பனகல் பார்க்கிலேயே நின்றுவிட்டது. இறங்கி, துணிப்பைகளுக்கு நடுவே நீந்தி மண்டபத்துக்கு ஓடினேன். வாசலில் நுழையும்போதே தலையில் சுண்ணாம்பு சொட்டியது. கூடத்தில் தரை முதல் கூரை வரை சவுக்குக் கம்புச் சாரம். சமையற்கட்டில் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் மாடியில் அடுக்கிப் பூட்டியாகிவிட்டது. ஆடியில் தமிழன் கல்யாணம் பண்ணமாட்டான் என்பதால் வருஷத்து ரிப்பேர் முழுக்க அந்த ஒரு மாதத்தில் நடக்கும்.

மேனேஜர் பிச்சாண்டி மணல் குவியல்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஆடில கண்ணாலமா?” என்றார். “இன்னா சார், வெயில்ல வந்தியா? போய் மோர் எதுனா சாப்டு.”

அவருடைய காலண்டரை எடுத்துக்காட்டினார். ஆவணி வளர்பிறை தசமிக்குச் சிவப்பில் வட்டம் போட்டுப் பக்கத்தில் என் பெயரையே எழுதி வைத்திருந்தார். நான்தானே போனில் சொன்னது.

வேறு மண்டபம் தேடினேன். ஆட்டோ, பஸ், நடை என்று அன்றைக்கு நான் போகாத தெரு இல்லை. மயிலாப்பூரில் ஒன்றில் கைத்தறிக் கண்காட்சி, மணமேடையில் ஜமுக்காளம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அடையாறில் ஒன்றைப் பூட்டிவிட்டுக் காவலாளி ஊருக்குக் கூழ் ஊற்றப் போயிருந்தார். கோட்டூர்புரத்தில் ஒன்றில் கிணறு தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். தெலுங்குக்காரர்கள் நடத்தும் மண்டபங்களைத் தேடிப் போனால் அங்கே ஸ்ராவணக் கல்யாணங்கள் நிரம்பி வழிந்தன. வாசலில் வாழைமரத்தைப் பார்த்தாலே பெருமூச்சு வந்தது. ஊரே இரண்டாகப் பிரிந்து, பாதி மண்டபம் பந்தலிலும் பாதி மண்டபம் சாரத்திலும் நின்றது. நடுவில் நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பிச்சாண்டியிடமே திரும்பி வந்தபோது வைதேகி மேடம் அங்கே ஒரு காலி சுண்ணாம்பு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டரெட்டைச் சாரத்தின் காலில் சாய்த்து வைத்திருந்தார். தெலுங்கில் பதிந்த மற்றவர்களுக்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது, சரி பண்ணிவிடலாம் என்றார். இது ஒன்றுதான்.

பிச்சாண்டிக்குப் பயம் வேறு. ஆடியில் அடுப்பு மூட்டிக் கல்யாணம் நடத்தவிட்டால் மண்டபத்துக்கு ஆகாது, அடுத்த வருஷம் ஒருத்தனும் வரமாட்டான், ஓனர் தன்னைத் தொலைத்துவிடுவார் என்றார்.

“ஆடி நம்மளுக்குத்தானே பிச்சாண்டி. அவாளுக்கு இது ஸ்ராவணம், நல்ல மாசம்” என்றார் மேடம்.

“அதெப்டி மேடம், ஒரே மண்டபத்துக்கு ரெண்டு மாசம்?” பீடியை அணைத்தார். “அப்ப எனக்கும் சம்பளம் ரெண்டு தபா வருமா?”

அன்று முதல் தடவையாக மேடம் சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு வந்த இடத்தில் வழியும் வந்தது. பிச்சாண்டி ஓனருக்குப் போன் செய்தார். ஓனர் மனைவிக்குப் பூர்வீகம் தெலுங்காம். அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னார், ஓனர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் வேலையை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கொக்கி போட்டுவிட்டார்.

அதில்தான் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் கூழ். வெள்ளையடிக்கிற ஆட்கள் மஞ்சள் துணி கட்டிக் காப்புக் கட்டியிருந்தார்கள், சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். நானும் பிச்சாண்டியும் ஏறினோம். சாரத்தின் நடுவில் போனதும் எனக்குக் கால் நகரவில்லை. கீழே பார்க்காதே சார் என்று பிச்சாண்டி சொன்னார், சொன்னதாலேயே பார்த்தேன். சுண்ணாம்பு கண்ணில் விழுந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். நான் அடித்த சுவர் மட்டும் மேகம் மாதிரி இருந்தது. “இத பூ போட்டு மறைச்சிக்கலாம்” என்று அவர் ஆறுதல் சொன்னார்.

புதிதாகப் போட்ட சமையற்கட்டுத் தரை காயவில்லை. கொல்லையில் பந்தல் போட்டு அடுப்பு வைக்க ஏற்பாடு செய்தோம். கூடத்தில் ஒரு பக்கத்துச் சாரத்தைப் பிரிக்க நேரமில்லை. மேடம் அதையே துணியால் மூடி, மாவிலையும் சாமந்தியும் கட்டித் தொங்கவிடச் சொன்னார். பிள்ளை வீட்டார் வந்து, இது என்ன புது மாதிரி அலங்காரம் என்று மெச்சினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அதன் பிறகு தளத்தில் தெலுங்கு மாதங்களுக்குத் தனி அட்டவணை போட்டோம். எந்த மொழியில் பதிந்தாலும் இங்கிலீஷ் தேதியும் கிழமையும் சேர்ந்தே வரும்படி செய்தோம். முதலாளி முணுமுணுத்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார், முணுமுணுப்பு நின்றது. சொல்லுக்குச் சொல் சரியாக இருப்பதோடு என் வேலை முடிவதில்லை, படிக்கிறவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று கேட்பதும் என் வேலை என்று புரிந்துகொண்டேன். கார்த்திகா, உன் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது அவ்வளவுதான். இயந்திரம் செய்தாலும் சரி, டீச்சர் செய்தாலும் சரி.

கல்யாணத்தன்று நான் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. துணி மூடிய சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து முடிச்சுகளை இழுத்துப் பார்த்தேன். பிள்ளையின் மாமா ஒருவர் ஈரச் சுவரில் சாய்ந்து எழுந்தார், பட்டு அங்கவஸ்திரத்தில் வெள்ளைப் பட்டை. அவருக்குப் பின்னால் அது காயும்வரை மறைத்தபடி நடந்தேன். மரியாதை தெரிந்த ஆள் என்று அவர் என்னைப் பற்றி யாரிடமோ சொன்னாராம். தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்கியது, எல்லோரும் மணமக்களைப் பார்த்தார்கள், நான் கூரையைப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் கார் ஏறினார்கள். சேஷய்யா வாசலில் நின்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய இளைய மகள், கல்லூரியில் படிக்கிறவள், அக்காவின் கார் திரும்பும்வரை கையசைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை நாள் இருந்த படபடப்பு இறங்கி, பழைய வாய் எனக்குத் திரும்பியிருந்தது. எல்லாம்தான் நல்லபடி முடிந்துவிட்டதே என்ற தைரியம் வேறு. அவர் அருகில் போய் நின்றேன்.

“சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கும் எங்க தளத்துலயே பதிஞ்சுடுங்க சார். இப்ப எல்லாம் சரி பண்ணிட்டோம்” என்றேன்.

சேஷய்யா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

“அவளுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்.”